நன்னி நட்ட மூன்று கிழங்குகள்



2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், கீழ்பென்னாத்தூரிலுள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடிக்க நாள் குறித்தோம். திங்கட்கிழமை காலை ஜேசிபி வருவதாக ஏற்பாடு. ஞாயிறன்று அஸர் தொழுதுவிட்டு, நாங்கள் உடன்பிறந்தார் மூவரும் கடப்பாரையும் பழைய சாக்குகளுமாகப் பின்முற்றத்தில் இறங்கினோம். வேறெதற்காகவும் அல்ல, நன்னியின் வெங்காயப்பூச் செடிகளை எடுத்து வைப்பதற்காக.

நன்னி என்றால் எங்கள் அத்தாவைப் பெற்றவர். வெங்காயப்பூ என்பது எங்கள் வீட்டு வழக்கு. நாற்றங்கால் கடைகளில் அதை மழை லில்லி என்பார்கள். வெங்காயத்தாளைப் போல ஒல்லியான பச்சை இலை. மண்ணுக்கடியில் சின்ன வெங்காயம் அளவில் பழுப்புத் தோல் போர்த்த கிழங்கு. கோடை முழுவதும் புல்லோடு புல்லாகக் கிடந்து, நல்ல மழை ஒன்று பெய்த சில நாட்களில் தண்டுக்கு ஒன்றாக வெள்ளைப் பூ விடும். 1988இல் அக்கம்பக்கத்து ஆசிரியை ஒருவர் கொடுத்த மூன்று கிழங்குகளை, ஒளு செய்யும் தண்ணீர் ஓடி வடிகிற வாய்க்கால் ஓரத்தில் நன்னி நட்டாராம். அம்மா சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும்.

அந்த மூன்றும் முப்பத்தாறு ஆண்டுகளில் என்னவாயின என்பதைக் கடப்பாரை போட்டபோதுதான் கண்டோம். ஒரு சாண் அகலமே இருந்த ஒரு கொத்தைப் பெயர்த்து, மண்ணை உதிர்த்து எண்ணினோம். 112 கிழங்குகள். ஒன்றையொன்று நெருக்கி, சில தட்டையாக நசுங்கி, சில இடமில்லாமல் மண்ணுக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. பூச்செடியின் வேர்ப்பந்து என்று சொல்வதைவிட, கல்யாண வீட்டில் ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகள் என்று சொன்னால் பொருந்தும்.

இது பெருகும் விதம் எளிது. கிழங்கை நீள வாட்டில் அறுத்துப் பார்த்தால் வெங்காயத்தைப் போலவே அடுக்கடுக்கான சதைப்பற்றுள்ள இதழ்கள் தெரியும். அவை உண்மையில் இலைகளின் அடிப்பாகங்கள். உணவைச் சேமித்து வைக்கும் பெட்டகங்கள். எல்லா அடுக்குகளும் கீழே ஒரு தட்டையான அடித்தண்டில் வந்து சேர்கின்றன. வேர் புறப்படுவதும் அங்கிருந்துதான். அடுக்குகளின் இடுக்குகளில் அந்தத் தட்டையொட்டிச் சிறு மொட்டுகள் உறங்குகின்றன. தாய்க்கிழங்கு கொழுத்ததும் அவற்றில் ஒன்றிரண்டு விழித்து, குட்டிக் கிழங்காகி, தனக்கென வேர் விட்டு, தாயின் விலாவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓரிரு ஆண்டுகளில் குட்டியும் பூக்கும் பருவம் எய்தித் தன் பங்குக்குக் குட்டி போடும். இதற்கு மகரந்தமோ வண்டோ தேவையில்லை. ஆகவே அந்த வாய்க்கால் ஓரத்துக் கூட்டம் முழுவதும், கணக்குப் பார்த்தால், நன்னி தம் கையால் நட்ட அதே மூன்று செடிகள்தாம். நகல் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவற்றின் உடலே நீண்டு வந்திருக்கிறது.

விதை வழியும் உண்டு. வெள்ளை வகை எங்கள் முற்றத்தில் காய் பிடித்ததாக நினைவில்லை. ஆனால் துணி துவைக்கும் கல்லருகே இருந்த சிறிய இளஞ்சிவப்பு வகை தாராளமாகக் காய்க்கும். பூ வாடியதும் மூன்று புடைப்புகளாய்க் காய் உருண்டு, சில வாரங்களில் வெடிக்கும். உள்ளே கருகிய காகிதத் துண்டு போல் தட்டையான கறுப்பு விதைகள். காற்று அதைக் கொஞ்ச தூரம் கொண்டுபோகும். அந்த வகைதான் கல்லின் விரிசலிலும் கிணற்று மேடையின் பிளவிலும் யாரும் நடாமலேயே முளைத்திருந்தது. இந்த விதையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். உயிர் சீக்கிரம் போய்விடும். வெடித்த கையோடு மண்ணில் தூவிவிட வேண்டும். முளைத்தபின் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாமலிருப்பதும் முக்கியம். எங்கள் அம்மா இரண்டு முறை பிடுங்கியிருக்கிறார்.

இதன் பூர்வீகம் நம் நாடல்ல. வெள்ளை வகை தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து ஆற்றங்கரைகளிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றியது. மேலைக்காற்றின் மலர் என்று பொருள்படும் செபிராந்தஸ் என்ற பெயரை இந்த இனத்துக்கு 1821இல் சூட்டியவர் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். கடல் தாண்டி யார் யார் கைகளிலோ மாறி, செஞ்சி சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில், ஒளுத் தண்ணீர் குடித்து வாழ்ந்திருக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொடுக்கப்பட்டால் ஒழிய, கிழங்குச் செடி இவ்வளவு தூரம் நடக்காது.

இனி எங்கள் குறையைச் சொல்ல வேண்டும்.

கடந்த ஏழெட்டு ஆண்டுகளாக அந்தச் செடிகள் சரியாகப் பூக்கவில்லை. சிறுவயதில் ஐப்பசி மழை விட்ட காலையில் வாய்க்கால் ஓரம் முழுவதும் வெண்மையாய் நின்றது நினைவிருக்கிறது. பிற்பாடு இலை மட்டும் அடர்ந்தது. பூ பத்து, எட்டு, ஐந்து என்று குறைந்தது. கிணறு வற்றியதால் என்றோம். கண்ணேறு என்றார் ஒரு உறவுக்காரப் பெண்மணி. திருவண்ணாமலையில் நாற்றங்கால் வைத்திருக்கும் பெரியவரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, "எத்தனை வருசத்துக்கு ஒருதடவை பிரிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டார். பிரிப்பதா? எங்களில் எவரும் அதைத் தொட்டதே இல்லை. நன்னி வைத்தது, அப்படியே இருக்கட்டும் என்று மரியாதையாக விட்டு வைத்திருந்தோம்.

அவர் சொன்னதன் சாரம் இது. இந்தச் செடிக்குக் கொஞ்சம் நெருக்கம் பிடிக்கும். தனியாக ஒற்றைக் கிழங்கை நட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் நெருக்கம் அளவு மீறினால் மண்ணிலுள்ள சத்து ஒன்றுக்கும் போதாது. ஒவ்வொன்றும் உயிர் பிழைப்பதற்கு மட்டும் தின்னும். பூவுக்கு மிச்சம் வைக்காது. மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை தோண்டி, குட்டிகளைக் கையால் மெல்லத் திருகி எடுத்து, அடித்தட்டும் வேரும் பழுதுபடாமல், மூன்று நான்கு கிழங்குகளாக ஒரு குழியில், இரண்டு விரற்கடை ஆழத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கலாகாது. இடம் மாறிய ஆண்டு பூக்காமலிருந்தால் பதறக்கூடாது.

நன்னியின் சொத்தை மரியாதையின் பேரால் பிரிக்காமல் வைத்திருந்தது செடி விஷயத்தில் மட்டுமல்ல என்பதை, சாக்கில் கிழங்கு நிரப்பிக்கொண்டிருந்த அந்த மாலையில் எங்கள் சகோதரிதான் முதலில் சொன்னாள். செடியை உவமை காட்டி மார்க்கச் சட்டம் பேசுவது எங்களுக்கு உவப்பானதல்ல. அவளும் உவமையாகச் சொல்லவில்லை. "மாமிக்கு உள்ளதைக் கொடுக்காம வீட்டை இடிக்கப் போறோமே" என்று நேராகவே சொன்னாள்.

எங்கள் நன்னா 1996இல் வஃபாத்தானார். விட்டுச் சென்றது பத்து சென்ட் மனையும் அதன்மேல் ஓட்டு வீடும், ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் மணிலாக் கொல்லையும். வாரிசுகள் நன்னி, எங்கள் அத்தா, சின்னத்தா, அவர்களுடைய ஒரே தங்கையான மாமி. மாமியை வந்தவாசியில் கொடுத்திருந்தது. அன்று யாரும் பங்கு பிரிக்கவில்லை. "அம்மா உயிரோட இருக்கும்போது என்ன அவசரம்" என்றார்கள். 2011இல் நன்னியும் மவுத்தானார், அப்போதும் பிரிக்கவில்லை. 2021இல் எங்கள் அத்தா போனார். வீட்டோடு சேர்ந்து அந்தத் தாமதமும் எங்களுக்கு வாரிசுரிமையாக வந்து சேர்ந்தது.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. அந்நிஸா அத்தியாயத்தின் வசனங்கள்படி, பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு பங்கென்றால் பெண்ணுக்கு ஒன்று. மொத்தத்தை 40 ஆக வைத்தால் நன்னிக்கு 5, அத்தாவுக்கும் சின்னத்தாவுக்கும் 14 வீதம், மாமிக்கு 7. நன்னியின் 5, அவருக்குப் பின் 2, 2, 1 என்று பிள்ளைகளுக்குப் பிரியும். ஆக மாமிக்கு 40இல் 8, அதாவது ஐந்தில் ஒன்று. மனையில் இரண்டு சென்ட். கொல்லையில் முப்பது சென்ட். கொல்லைக்கு இது பொருந்தாது என்று எங்கள் உறவினர் ஒருவர் வாதாடினார். ஷரீஅத் சட்டத்தை 1937இல் கொண்டுவந்தபோது வேளாண் நிலம் விலக்கப்பட்டிருந்தது உண்மைதான். சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதையும் சேர்த்துவிட்டது. அல்லாஹ்வின் கணக்கில் அது எப்போதும் சேர்ந்தே இருந்தது.

இருபத்தெட்டு ஆண்டுகளில் மாமி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "எனக்கு எதுக்கு? அண்ணன் வூட்டு வாசல் எனக்குத் திறந்திருந்தா போதும்" என்பார். எங்களுக்கும் அது வசதியாயிருந்தது. நம் குடும்பங்களில் எத்தனை பெண்கள் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற அச்சத்தில் சொல்லப்படும் "வேண்டாம்" எப்படி மனமுவந்த "வேண்டாம்" ஆகும்? எங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டோம். "முதலில் பிரித்து அவர் கையில் கொடுங்கள். கைக்கு வந்த பிறகு அவராக மனம் ஒப்பி உங்களுக்குத் தந்தால் அது அன்பளிப்பு. கைக்கே வராததை விட்டுக்கொடுத்தார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்" என்றார். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் அவர் நினைவூட்டினார். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற அறிவிப்பு; வெள்ளிக்கிழமைப் பயானில் பலமுறை கேட்டதுதான். அன்று வீடு திரும்பியபோது, முற்றத்தில் அந்த ஒரு சாண் கொத்து பெயர்த்தெடுத்த குழி அப்படியே இருந்தது. ஜேசிபிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இதற்கிடையில் ஒரு செய்தி. எங்களில் ஒருவரின் மைத்துனர் குடும்பத்தோடு இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறார். கிழங்குகளின் படத்தை அவருக்கு அனுப்பியபோது, குளிர்காலத்தில் எடுத்த ஒரு படத்தைப் பதிலுக்கு அனுப்பினார். பனி படிந்த மண்ணில் தலை கவிழ்ந்த வெள்ளை மணிப்பூக்கள். ஸ்னோடிராப் என்பார்களாம். நம் மழை லில்லியும் அதுவும் அமரில்லிடேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம். பெருகும் விதமும் அதேதான். கிழங்கின் விலாவில் குட்டி, கொத்து நெருங்கினால் பூ குறைவு, தோட்டக்காரர்கள் பூத்து முடிந்ததும் இலை பச்சையாயிருக்கும்போதே பிரித்து நடுகிறார்கள். நம்முடையது மழைக்குக் காத்திருக்கிறது, அது குளிர் கழிவதற்குக் காத்திருக்கிறது. அதன் விதைக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு: ஒவ்வொன்றிலும் கொழுப்புச் சத்துள்ள சிறு வால் ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காகவே விதையை இழுத்துச் சென்று, வாலைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். கூலி வாங்கிக்கொண்டு நாற்று நடும் எறும்புகள். சுப்ஹானல்லாஹ்.

அந்தப் பூவைப் பற்றிப் படித்தபோது கண்ட இன்னொரு தகவல் எங்களை வெகுநேரம் பேசவிடாமல் செய்தது. ஸ்னோடிராப் இனத்துச் செடி ஒன்றிலிருந்து 1952இல் சோவியத் வேதியியலாளர்கள் கேலண்டமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அல்சைமர் மறதி நோயின் அறிகுறிகளைச் சிலருக்குக் கொஞ்ச காலம் தணிக்கும் மருந்தாக 2001இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நோயை அது குணப்படுத்துவதில்லை.

நன்னிக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் அந்த மறதிதான். எங்கள் பெயர்கள் போயின. அஸரா மஃரிபா என்பது போயிற்று. ஒரே கேள்வி மட்டும் போகவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "அவளுக்குக் குடுத்துட்டீங்களா?" என்பார். மாமி ஒருமுறை வந்திருந்தபோது வெங்காயப்பூக் கிழங்கு நாலு கேட்டிருந்தார். நன்னி தருவதாகச் சொல்லியிருந்தார். அதைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, "குடுத்துட்டோம் மாமி, குடுத்துட்டோம்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்வார். கிழங்கையும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். நன்னி எதைக் கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

பத்திரம் பதிய மூன்று மாதமாயிற்று. சின்னத்தா முதலில் சம்மதிக்கவில்லை. "அவளே வேணாங்கிறா, சின்னப் பசங்க நீங்க எங்களுக்கு மார்க்கம் சொல்றீங்களா?" என்று கோபித்தார். அவர் கெட்டவரல்லர். மாமியின் மகள் நிக்காஹ்வுக்கு அவர் செய்த செலவை ஊரறியும். அந்தச் செலவிலேயே பங்கு தீர்ந்துவிட்டதாக மனத்துக்குள் கணக்கு வைத்திருந்தார். அன்பளிப்பு வேறு, ஹக் வேறு என்பதை அம்மாதான் அவரிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சின்னத்தா வந்தார். யாரிடமும் பேசாமல் கையெழுத்திட்டார். கொல்லையில் முப்பது சென்ட் மாமியின் பெயருக்குப் பதிவாயிற்று. மனையில் அவருடைய இரண்டு சென்டுக்கு, அன்றைய விலையை மூன்று பேரிடம் விசாரித்து, இரு வீட்டாரும் பாதிப் பாதியாகப் பணம் தந்தோம். எங்கள் சகோதரிக்கு எங்கள் அத்தா வழியில் வரவேண்டிய பங்கையும் அதே நாளில் எழுதிவிட்டோம். அவளும் ஒருநாள் "எனக்கு எதுக்கு" என்று சொல்லும் நிலை வரவேண்டாம் என்று.

மாமி கையெழுத்துப் போடும்போது அழுதார். மகிழ்ச்சியில் என்று எழுத ஆசைதான். "இனிமே வூட்டுக்கு வரலாமில்ல?" என்றுதான் கேட்டார்.

கிழங்குகளை அன்றே பிரித்தோம். மூன்று கொத்திலுமாகச் சேர்த்து முந்நூற்றுக்குமேல் இருந்தன. மாமிக்கு ஒரு சாக்கு, சின்னத்தாவுக்கு ஒரு பை, பள்ளிவாசல் தோட்டத்துக்குக் கொஞ்சம். கிழங்கைச் சமையற்கட்டில் வெங்காயத்தோடு வைத்துவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக் கொடுத்தோம், வாசகர்களுக்கும் சொல்கிறோம். இதில் நஞ்சு உண்டு, தின்றால் வாந்தி எடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. நட்டதைப் பறவையோ மனிதரோ கால்நடையோ தின்றால் அது தர்மமாகும் என்ற நபிமொழியை எந்தச் செடி நட்டாலும் எடுத்துப் போடுகிறோம். ஆடுகூடத் தொடாத இந்தச் செடிக்கு அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாயிருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே.

சின்னத்தா அந்தப் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார். இரண்டு வாரம் அது அங்கேயே தொங்கியதாகச் சின்னம்மா சொன்னார். பிறகு ஒரு நாள் அவரே மண் வெட்டி நட்டாராம்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்தது. எங்கள் புது முற்றத்தில் இலை மட்டும் வந்தது. பெரியவர் சொன்னபடி, பூ இல்லை. சின்னத்தா வீட்டிலும் இல்லை. பள்ளிவாசலில் இரண்டு பூத்தன. மாமி, வந்தவாசியில் வீட்டுத் திண்ணையோரம் காலி பெயிண்ட் வாளி ஆறில் நட்டிருக்கிறார். போன ரமலானுக்கு முன்பு சேத்துப்பட்டு வழியாகப் பஸ்ஸில் வந்து எங்களோடு நான்கு நாள் தங்கினார். நன்னாவும் நன்னியும் அடங்கியிருக்கும் கபரஸ்தான் வாசலில் நின்று சலாம் சொல்லி துஆ செய்தார். திரும்பும்போது, தம் வாளியில் குட்டிகள் நெருக்கமாக வந்துவிட்டதாகவும், மகளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாமா, இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டுமா என்றும் கேட்டார். பொறுக்க வேண்டியதில்லை என்று சொன்னோம்.